உடுத்தித் தேய்வதைவிடத் தோய்த்துத் தேய்வதுதான் அதிகம்

எறிவதற்கென்று உரப்பையில் கட்டி வைத்திருந்த பழைய உடுப்புகளை விறாந்தையில் கொட்டி, ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். எந்த உடுப்பு எந்த இடத்தில் பழுதாகிறது என்று தெரிந்தால்தான் அலுமாரிக்குள் இருப்பவற்றையாவது காப்பாற்றலாம் என்பது என் எண்ணம்.

கணவருடைய சேட்டுகளில் கொலர் மடியும் ஓரம் மட்டும் பிய்ந்திருந்தது. மற்றத் துணியெல்லாம் இன்னும் உறுதியாக இருந்தது. மகளின் வெள்ளைச் சீருடையில் ஒரு கிழிசலும் இல்லை, ஆனால் முழுவதும் சாம்பல் பூத்திருந்தது. மகனின் ரீசேட்டுகள் தோள்பட்டையில் வெளிறிப்போயிருந்தன. அது கொடியில் வெயில் படும் இடம். உள்பாவாடைகளில் துணி நல்லது, இலாஸ்டிக் செத்துவிட்டது. ஒரு சேட்டின் முதுகில் துருக்கோடு. இரண்டு சாரங்களில் முள்ளுக்கம்பி கிழித்த மூலைக் கிழிசல். முழங்காலிலும் இருக்கையிலும் உண்மையாகவே உடுத்தித் தேய்ந்தவை என்றால் வயலுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் போடுகிற காற்சட்டைகள் மட்டும்தான். மற்றதெல்லாம் கிணற்றடியிலும் கொடியிலும் அலுமாரிக்குள்ளும் பழுதானவை.

அதனால் வேலையை நான் ஊசி நூலில் தொடங்கவில்லை. முதலில் தண்ணீரைப் பார்த்தேன்.

தண்ணீர்

நாங்கள் இருப்பது கிளிநொச்சி மாவட்டத்தில் வட்டக்கச்சியில். வாய்க்காலில் தண்ணீர் விடும் காலத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வீட்டுக்குக் கிட்டவாகவே ஓடும். மாரியில் தகரக்கூரைப் பீலியிலிருந்து மழைத்தண்ணீர் பிடிக்கலாம். மற்ற நாட்களில் கிணறுதான். கிணற்றுத் தண்ணீரில் தோய்த்தால் சவர்க்காரம் நுரைப்பதில்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். எவ்வளவு வித்தியாசம் என்று கண்ணால் பார்க்க விரும்பினேன்.

இதை யாரும் வீட்டில் செய்யலாம். ஒரே அளவான மூன்று வெறும் போத்தல்களில் மழைத்தண்ணீர், வாய்க்கால் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் மூன்றையும் ஒரே மட்டத்துக்கு எடுத்தேன். கட்டிச் சவர்க்காரத்தைக் கத்தியால் சீவி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு போட்டு மூடி, நன்றாகக் குலுக்கினேன். மழைத்தண்ணீரில் நுரை கழுத்துவரை எழும்பி நின்றது, அடித்தண்ணீர் தெளிவாக இருந்தது. வாய்க்கால் தண்ணீரில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. கிணற்றுத் தண்ணீரில் நுரை எழும்பிய வேகத்தில் அடங்கிப்போனது. தண்ணீர் பால்போல் கலங்கி, மேலே திரிதிரியாக ஒரு படை மிதந்தது.

உடுப்பைக் கெடுப்பது அந்தப் படைதான். கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பொருளாக மாறுகின்றன. அது அழுக்கை எடுப்பதில்லை. இழைகளுக்கு இடையில் போய் ஒட்டிக்கொள்ளும், தன்னோடு புழுதியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளைத் துணி சாம்பலாவதும், துவாய் விறைத்து நிற்பதும் இதனால்தான். போதாததற்கு, நுரை வரவில்லையே என்று நாங்கள் இன்னும் சவர்க்காரம் போட்டு இன்னும் பலமாக உரஞ்சுகிறோம். இலங்கைத் தரநிர்ணயத்தில் குடிதண்ணீரின் வன்மைக்கு, அதாவது அதில் கரைந்திருக்கும் கல்சியம், மக்னீசியத்தின் அளவுக்கு, லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்று உச்ச அளவு வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த அளவுக்குள் இருக்கும் தண்ணீர்கூடச் சவர்க்காரத்துக்கு வன்னீர்தான். 180 மில்லிகிராமுக்கு மேலே போனாலே மிக வன்மையான தண்ணீர் என்று வகுப்பதுண்டு. குடிக்க நல்ல தண்ணீர் தோய்க்கவும் நல்லது என்று நினைக்க முடியாது.

சலவைத் தூள் இந்தத் தண்ணீரைக் கட்டிச் சவர்க்காரத்தைவிட நன்றாகத் தாங்கும், ஏனென்றால் தண்ணீரை மென்மையாக்கும் பொருட்களையும் அதற்குள் சேர்த்திருப்பார்கள். ஆனால் அளவுக்கு மேல் போட்டால் அலம்பி முடியாது. மிச்சத் தூள் துணிக்குள் இருந்து, காய்ந்தபின் தோலைக் கடிக்கும்.

நான் இப்போது செய்வது இதுதான். வெள்ளைகளுக்குச் சவர்க்காரம் போடுகிற தண்ணீரும் முதல் அலம்பல் தண்ணீரும் மழைத்தண்ணீராகவோ வாய்க்கால் தண்ணீராகவோ இருக்க வேண்டும். சவர்க்காரம் ஊறிய துணியை நேரே கிணற்றுத் தண்ணீரில் முக்கினால் அங்கேயே படை பிடித்துவிடும். சவர்க்காரம் போனபிறகு கடைசி அலம்பல்களைக் கிணற்றுத் தண்ணீரில் செய்யலாம். வாய்க்கால் தண்ணீரை முதல்நாளே வாளியில் எடுத்து மண்டியை அடைய விட்டுவிடுகிறேன். தோய்ப்பதை வாய்க்காலுக்குள் செய்வதில்லை. சவர்க்காரத் தண்ணீரைத் தள்ளி மண்ணில் ஊற்றுகிறேன், கீழே அதே தண்ணீரில் குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டும் கிடைக்காத கோடையில் சலவைச் சோடா. ஒரு வாளிக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டியைக் கரைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் தண்ணீர் இலேசாகக் கலங்கும். கல்சியம் சவர்க்காரத்தைப் பிடிக்க முன்னர் சோடா அதைப் பிடித்துவிடுகிறது. அதன் பிறகு சவர்க்காரம் போட்டால் நுரைக்கும். கையில் புண் இருந்தால் எரியும், உறை போட்டுக்கொள்ளுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா கிட்டவே வரக்கூடாது.

மகளின் சீருடையில் முதலில் ஏறியிருந்த படையைக் கழற்ற வேண்டியிருந்தது. அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி விட்டு, ஒரு மணித்தியாலம் ஊறவைத்தேன். புளிப்பு அந்தப் படையை இளக்கும். நன்றாக அலம்பி, பிறகு மழைத்தண்ணீரில் சோடாவும் தூளும் போட்டுத் தோய்த்து, வெயிலில் விரித்தேன். கடைப் புதிதுபோல் வரவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளின் வெள்ளைக்குப் பக்கத்தில் நின்றால் தெரியாத அளவுக்கு வந்தது. எறியவிருந்த சட்டை அது.

இங்கே கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று: வினாகிரியையும் வெளிற்றும் திரவத்தையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்கக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆபத்து. வெளிற்றும் திரவத்தை நான் அடியோடு விட்டுவிட்டேன். அது பருத்தி இழையின் பலத்தையே தின்னும். அதோடு இரும்புச்சத்துள்ள தண்ணீரில் அதை விட்டால், கரைந்திருந்த இரும்பு துருவாக மாறித் துணியில் மஞ்சளாகப் படியும். வாளியில் இரவு முழுக்க வைத்த தண்ணீரின் அடியில் மஞ்சள் மண்டி தெரிந்தால் உங்கள் தண்ணீர் அப்படிப்பட்டது. படிந்த துருவுக்குத் தேசிக்காய்ப் புளியும் உப்பும் தேய்த்துக் கொஞ்ச நேரம் விட்டு, நன்றாக அலம்பினால் போகும். வெள்ளைப் பருத்திக்கு இது சரி. நிறத்துணி என்றால் உள்மடிப்பில் ஒரு மூலையில் போட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, போர் நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தைப் பிசைந்து தோய்த்த கதையைச் சொன்னார். பனங்களியில் நுரைக்கும் பொருள் உண்டு. சப்போனின் வகையைச் சேர்ந்தது அது, பனங்காய்க்களியின் கசப்புக்கும் அதுதான் காரணம். அந்த நாட்களில் உடுப்பு எவ்வளவு பெறுமதியாக இருந்தது என்பது அவர் சேட்டின் கையைப் பிடித்துத் தோய்க்கிற விதத்திலேயே இன்றைக்கும் தெரிகிறது.

கிணற்றடி

அம்மா உடுப்பைக் கல்லில் அடிப்பதில்லை. அடித்தால் தெறி உடையும், ஸிப்பின் பல் நெளியும், கொலரின் மடிப்பு ஓரத்தில் இழை அறும். அடிப்பதால் போகிற அழுக்கு, முதலில் ஊறவைத்தாலே போகும். ஊறவைப்பது அரை மணித்தியாலம் போதும். இரவு முழுக்க ஊறினால் ஒரு துணியின் சாயமும் அழுக்கும் மற்றதில் ஏறும்.

வன்னியில் இதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கிரவல் ரோட்டில் போய்வந்த உடுப்பை நனைக்க முன் உதறுங்கள். நன்றாக, பலமாக, வீட்டுக்கு வெளியே நின்று. அந்தச் செம்புழுதி நுண்ணிய மணல். நனைத்து உரஞ்சும்போது அது அரத்தாள்போல இழையை அராவும். உதறிவிட்டுத் தனித் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்தால், வாளியின் அடியில் நிற்கிற மண்ணைப் பார்க்கலாம். அந்த மண் சவர்க்காரத் தண்ணீருக்குள் போகவே கூடாது.

உட்புறத்தை வெளியே திருப்பித் தோய்ப்பது, ஸிப்பைப் பூட்டி விடுவது, உள்ளாடைக் கொளுக்கிகளை மாட்டிவிடுவது எல்லாம் சின்ன வேலைகள். உரசல் உள்பக்கத்துக்குப் போகும், நிறம் நிற்கும். வியர்வை ஊறிய உடுப்பை மூலையில் சுருட்டிப் போட்டு வைக்கக்கூடாது. அன்றைக்குத் தோய்க்க முடியாவிட்டால் கொடியில் விரித்துக் காயவாவது விட வேண்டும். கொலருக்கும் கமக்கட்டுக்கும் ஊறவைக்க முன் சவர்க்காரத்தைத் தேய்த்து விரலால் பிசைந்தால் போதும். தூரிகையை நான் கொலரில் வைப்பதில்லை. ஒருநாள் கோயிலுக்கு இரண்டு மணித்தியாலம் உடுத்திய சீலையைத் தோய்க்கத் தேவையில்லை. நிழலில் காற்றாட விட்டு மடித்தால் சரி.

கொடி

எங்கள் கொடி கம்பியாக இருந்தது. துருக்கோடு வந்தது அதிலிருந்துதான். நைலோன் கயிறாக மாற்றி, பாதிக் கொடியை வேப்பமரத்தின் நிழல் விழும் பக்கம் நகர்த்தினேன். வெள்ளைகளும் படுக்கை விரிப்பும் வெயிலில், நிறத்துணியும் இலாஸ்டிக் உள்ளவையும் நிழலில். சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் நிழலில் போட்டாலே கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், வெயில் தேவையே இல்லை. காய்ந்த உடனே எடுக்க வேண்டும். காய்ந்த பிறகும் பின்நேரம்வரை தொங்குகிற உடுப்புக்கு அந்த வெயில் முழுக்க நட்டம். ரீசேட்டைத் தோளில் தொங்கவிடாமல் கொடியின்மேல் பாதியாக மடித்துப் போட்டால் இழுபட்டு நீளாது.

கறை விசயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சள் பட்ட வெள்ளைத் துணியில் சவர்க்காரம் போட்டால் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம். அலம்பி வெயிலில் போட்டால் வெயிலே மஞ்சளை மங்கச் செய்துவிடும். இரத்தத்துக்குக் குளிர்தண்ணீர் மட்டும், சுடுதண்ணீர் கறையை இறுக்கிவிடும். பலாப்பாலுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்து, பிறகு சவர்க்காரம். வாழைக்கறைக்கு வழி கிடையாது. குலை வெட்டப் போகிறவர் பழைய உடுப்போடு போக வேண்டும்.

கொலர் திருப்புதல்

இனித் தையல். மச்சாள் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர் வந்திருந்தபோது இவருடைய சேட்டுகளைக் காட்டினேன். கொலரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை ஏன் எறியிறியள் மச்சாள்? கழட்டித் திருப்பிப் போடுங்கோ, அடிப்பக்கம் புதுசாக் கிடக்குது" என்றார். பழைய தையற்காரர்கள் செய்த வேலைதான். இப்போது கேட்டு வருகிறவர்கள் குறைவு.

எல்லாச் சேட்டுக்கும் சரிவராது. கொலர் நுனியில் தெறி வைத்துப் பூட்டுகிற சேட்டு என்றால் முடியாது, தெறித்துளை தலைகீழாகிவிடும். கொலரின் அடியில் விறைப்புக்குப் பிளாஸ்டிக் செருகுகிற பொக்கற் இருந்தால் திருப்பியபின் அது மேலே தெரியும். அடிப்பக்கத் துணி வேறு நிறமாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். இவை இல்லையென்றால் தொடங்கலாம்.

சேட்டைத் தோய்த்து மினுக்கிய பிறகு கொலரின் இரண்டு நுனிகளையும் ஒன்றாகச் சேர்த்து மடித்து நடுவைப் பிடியுங்கள். அந்த நடுவில் கொலரிலும், அதைத் தாங்கும் கழுத்துப் பட்டியிலும் நிறநூலால் ஒவ்வொரு புள்ளி போடுங்கள். முழு வேலையும் இந்த இரண்டு புள்ளிகளையும் நம்பித்தான் இருக்கிறது. அவை விலகினால் கொலர் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குறுகும்.

அடுத்தது பிரித்தல். மடியும் கொலர், கழுத்துப் பட்டியின் மேல் விளிம்புக்குள் நுழைகிற தையல் மட்டும் பிரிபட வேண்டும். பட்டி சேட்டோடு சேர்கிற கீழ்த்தையலைத் தொடக்கூடாது. ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக நுனிக் கத்தரியால் வெட்டிக்கொண்டு போய், மறுபக்கத்தில் நூலை இழுத்தால் நீளமாகக் கழன்று வரும். அவசரப்பட்டு இழுத்தால் பழைய துணி கிழியும். பிளேட்டை நான் பாவிப்பதில்லை.

கொலர் தனியாக வந்ததும் நூல்துண்டுகளையும் பஞ்சையும் எடுத்துவிடுங்கள். பிய்ந்த ஓரம் இனி அடியில் போகப் போகிறது, ஆனால் அப்படியே விட்டால் அங்கேயும் பிய்ந்துகொண்டே இருக்கும். மெல்லிய பருத்தித் துண்டொன்றை அதன்மேல் வைத்து, மேல்பக்கத்துக்கு ஊசி வராமல் கையால் நெருக்கமாகத் தைத்தேன். பிறகு கொலரைப் புரட்டி, வெட்டு விளிம்பைப் பட்டிக்குள் செருகி, புள்ளிக்குப் புள்ளி பொருத்தி, நடுவிலிருந்து இரு நுனிகளுக்கும் கையால் ஓட்டுத்தையல் போட்டேன். சேட்டைப் பூட்டித் தொங்கவிட்டு இரண்டு நுனியும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் மெசினுக்குக் கொண்டுபோனேன். 11ஆம் இலக்க ஊசி, பழைய ஊசித் துளைகளின் வழியே மெதுவாக. எங்களிடம் இருப்பது பழைய மிதி மெசின். இப்படிப்பட்ட வேலைக்கு மின்சார மெசினைவிட அதுவே நல்லது, ஒவ்வொரு தையலாகக் கையால் சக்கரத்தைத் திருப்பி நகர்த்தலாம்.

நூலையும் சொல்ல வேண்டும். பழைய பருத்திச் சேட்டுக்கு மொத்தமான பொலியெஸ்ரர் நூல் போட்டால், இழுபடும்போது நூல் அறாது, துணிதான் அறும். துணியைவிடக் கொஞ்சம் பலம் குறைந்த நூல் என்றால் அறுந்துபோவது தையல், அதைத் திரும்பத் தைக்கலாம். இதுவும் மச்சாள் சொன்னதுதான். அன்று முதல் பருத்திநூல் ஒரு கட்டை தனியாக வாங்கி வைத்திருக்கிறேன்.

திருப்பிய சேட்டைப் போட்டுக்கொண்டு இவர் கரைச்சிப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போய் வந்தார். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு அது பெரிய சந்தோசம்.

முள்ளுக்கம்பிக் கிழிசல்

வன்னியில் வேலி என்றால் பெரும்பாலும் முள்ளுக்கம்பி. அது துணியை ஒரு மாதிரியாகத்தான் கிழிக்கும்: ஒரு கோடு பாவுநூல் (நீளவாக்கு நூல்) வழியே, ஒரு கோடு ஊடைநூல் (குறுக்கு நூல்) வழியே, நடுவில் ஒரு மூலை. துணி அதிகம் காணாமல் போவதில்லை என்பது நல்ல விசயம். அதனால் பிசிறி நிற்கும் நூல்களைக் கத்தரிக்கக்கூடாது, அவையெல்லாம் வேண்டும்.

பலர் செய்வது, கிழிந்த இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து மெசினில் ஒரே ஓட்டமாக ஓட்டுவது. அப்படிச் செய்தால் அந்த இடம் கயிறுபோல் தடித்துவிடும், அடுத்த இழுவையில் தையலுக்குப் பக்கத்தில் கிழியும். நான் சாரத்தில் செய்தது வேறு. உள்பக்கம் திருப்பி, கிழிந்த பகுதியை ஈரத்துணி வைத்து மினுக்கிச் சமப்படுத்தினேன். மூலையைச் சரியான இடத்துக்கு இழுத்து இரண்டு மூன்று தையலால் பிடித்தேன். அடியில் வைக்க ஒரு பழைய பருத்தித் துண்டு எடுத்தேன். அது பலமுறை தோய்த்ததாக இருக்க வேண்டும். புதுத்துணி முதல் தோய்ப்பில் சுருங்கி, சுற்றியுள்ள துணியையும் சுருக்கும். சாரத்தின் துணியைவிட அது மொத்தமாகவும் இருக்கக்கூடாது. கிழிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு சென்ரிமீற்றர் கூடுதலாக வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, அதன் பாவும் சாரத்தின் பாவும் ஒரே திசையில் வரும்படி வைத்தேன். திசை மாறினால் தோய்க்கும்போது இரண்டும் இரண்டு விதமாக இழுபடும்.

பிறகு சாரத்தின் நிறத்தில் ஒற்றை நூல் கோத்து, கிழிசலுக்குக் குறுக்கே, சின்னஞ்சிறிய ஓட்டுத்தையலாகப் போய்வந்தேன். கிழிசலைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒரு சென்ரிமீற்றர்வரை போகும். வரிசைகள் எல்லாம் ஒரே கோட்டில் முடியாமல் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் முடிய வேண்டும். ஒரே கோட்டில் முடிந்தால் பாரம் முழுக்க அந்தக் கோட்டில் விழும், அடுத்த கிழிசல் அங்கேதான். நூலை இறுக்காமல், துணி படுத்த நிலையிலேயே தைக்க வேண்டும். முடிந்தபின் ஈரத்தோடு ஒருமுறை மினுக்கினால் தையல்கள் துணிக்குள் அமர்ந்துவிடும். கட்டம் போட்ட சாரம் என்றபடியால் கோடுகளுக்குள் தையலை ஒளிக்க வசதியாக இருந்தது. கைபட்டால்தான் அந்த இடம் தெரிகிறது.

தெறி தைப்பதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். தெறியின்மேல் ஒரு நெருப்புக்குச்சியை வைத்து அதன்மேலாகத் தைத்து, பிறகு குச்சியை உருவி, கிடைத்த தளர்வில் தெறிக்குக் கீழே நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிந்துவிடுங்கள். தெறி துணியோடு ஒட்டிக் கிடக்காது, பூட்டும்போது துணி இழுபடாது.

கூறையும் அலுமாரியும்

அம்மாவின் கூறைச்சீலை 2009இல் இடம்பெயர்ந்தபோது அவரோடு வந்தது. வவுனியாவில் இருந்த மெனிக் பாம் அகதி முகாமில் பொலித்தீன் பையொன்றுக்குள் சுற்றியபடி கூடாரத்தின் தலைமாட்டில் இருந்தது. ஊருக்குத் திரும்பியபின்னும் பல காலம் அதே பையில், அதே மடிப்பில்தான் இருந்தது. சரிகை மடிப்புகளில் கறுத்திருந்தது, ஒரு மடிப்பில் பட்டு இழை விடத் தொடங்கியிருந்தது. இந்தச் சீலையைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசைதான் மற்ற எல்லாவற்றையும் படிக்கவைத்தது என்று சொல்லலாம்.

கறுத்த சரிகைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. வெள்ளி முலாம் பூசிய கம்பி என்பதால் காற்றுப்பட்டுக் கறுக்கும். தேசிக்காய், பற்பசை என்று தேய்த்தால் முலாமே கழன்றுபோகும். இழை விட்ட மடிப்பின் அடியில் மெல்லிய பட்டுத் துண்டொன்றை, கண்ணுக்குத் தெரியாத தையலால், இழுக்காமல் பிடித்து வைத்தேன். மிச்சமெல்லாம் வைக்கிற முறைதான்.

பொலித்தீனுக்குள் ஈரம் அடைபடும், எனவே அது போனது. அப்பாவின் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கஞ்சி, நீலம் எதுவும் இல்லாமல் தோய்த்து, அதற்குள் சுற்றி வைத்தோம். மாரி முடிந்து தை மாதத்தில் ஒருநாள் காலையில் எடுத்து, வீட்டுக்குள் நிழலில் விரித்துக் காற்றாட விட்டு, முன்பு மடிந்த கோட்டில் மடியாமல் வேறு கோட்டில் மடிக்கிறோம். இடையில் ஆடியிலும் ஒருமுறை. சரிகைப் பக்கம் உள்ளே வரும்படி, பாரம் எதுவும் மேலே வைக்காமல்.

நப்தலின் உருண்டைகளை நான் வீட்டில் வைப்பதை நிறுத்திவிட்டேன். சரிகையில் பட்டால் கெடுதி, கற்பூரத்தோடு சேர்ந்தால் இரண்டும் இளகித் துணியில் கறையாகும். அதைவிடப் பெரிய காரணம் குழந்தைகள். ஜி6பிடி என்ற நொதியம் பிறவியிலேயே குறைவாக உள்ள பச்சைக் குழந்தைக்கு, நப்தலினோடு வைத்திருந்த உடுப்பைப் போட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம். பழைய குழந்தை உடுப்புகளை எடுத்துவைத்து உறவுக்குள் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இருக்கிறது. கொடுக்க முன் தோய்த்து வெயிலில் காயவைத்தே கொடுங்கள். காய்ந்த வேப்பிலையைக் கடதாசியில் சுற்றி அலுமாரித் தட்டின் மூலையில் வைக்கிறோம், துணியில் நேரே படக்கூடாது.

பூச்சி வருவதற்கு முதற்காரணம் கஞ்சி. வெள்ளிப்பூச்சியும் கரப்பொத்தானும் துணியில் இருக்கிற மாச்சத்தைத் தேடித்தான் வருகின்றன. கஞ்சி போட்ட பருத்திச் சீலையை உடுத்தலாம், கஞ்சியோடு மாதக்கணக்கில் வைக்கக்கூடாது. எடுத்து வைக்கிறது என்றால் கஞ்சி போகத் தோய்த்து வைக்க வேண்டும். உணவு சிந்திய இடமும் அப்படித்தான்.

மாரியில் பூஞ்சணம் இன்னொரு தொல்லை. ஐப்பசி தொடங்க முன்னரே அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வைத்தேன். வெயில் எறிக்கிற நாள்களில் கதவைத் திறந்து விடுகிறேன். அரைக்காய்ச்சல் உடுப்பு ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது. காயாவிட்டால் மினுக்கி, அந்தச் சூடு ஆறும்வரை வெளியே தொங்கவிட்டு, பிறகுதான் உள்ளே. அடுப்படியில் காயப்போட்டால் புகை மணம் ஏறுவதால் விறாந்தையில் இரண்டாவது கொடி ஒன்று கட்டியிருக்கிறோம்.

சீருடை

இப்போது கையில் இருக்கிற வேலை மகளின் அடுத்த வருடச் சட்டை. சீருடைத் துணி கிடைத்ததும், உயரம் வளரும் பிள்ளை என்பதால் கீழ்க்கரையில் எட்டு சென்ரிமீற்றர் மடிப்பு விட்டுத் தைக்கிறேன். பக்கத் தையல்களிலும் வழக்கத்தைவிட அகலமாகத் துணி விட்டிருக்கிறேன். கரையை மெசினில் ஓட்டாமல் கையால் எடுத்துத் தைத்தால் பிறகு பிரிப்பது சுலபம், ஊசித் துளையும் நிற்காது.

சென்ற வருடச் சட்டையின் மடிப்பை இன்று பிரித்து இறக்கினேன். மடிப்புக் கோட்டில் ஒரு வருடப் புழுதி கறுப்பாக ஏறியிருந்தது. அதை அப்படியே மினுக்கினால் நிரந்தரமாகிவிடும். முதலில் அந்தக் கோட்டில் சவர்க்காரம் தேய்த்து மழைத்தண்ணீரில் கசக்கி எடுத்தேன். பிறகு பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினாகிரியில் துணியொன்றை நனைத்து, கோட்டின்மேல் வைத்து அழுத்தி மினுக்கினேன். கோடு முழுதாகப் போகவில்லை, அருகில் வந்து பார்த்தால் தெரியும். அதன்மேல் மகள் வெள்ளை நாடா ஒன்று வைக்கக் கேட்டாள், ஆனால் சீருடையில் நாடாவுக்குப் பள்ளிக்கூடத்தில் விடமாட்டார்கள். இன்னும் இரண்டு மூன்று தோய்ப்பில் அது மங்கும். இரண்டு சட்டையையும் மாறி மாறிப் போட்டால் இரண்டுமே வருடக் கடைசிவரை வரும்.